ஹார்டுவேர் வாலட்டுக்குள் காசு இல்லை

பெங்களூருவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை காட்பாடியில் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஹார்டுவேர் வாலட் எனப்படும், பென் டிரைவ் போன்ற ஒரு கருவியை எடுத்து மேசைமேல் வைத்து, "மாமா, நான் வாங்கி வச்ச பிட்காயின் எல்லாம் இனிமே இதுக்குள்ளதான் இருக்கப்போவுது. இது தொலைஞ்சா இன்னா பண்றது?" என்று கேட்டான். வேலூரில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் என்பதால் இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேள்வியின் முதல் பாதி தவறானது; அதைத் திருத்தாமல் இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல முடியாது. அன்று அவனுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து விளக்கியதைத்தான், புதிதாக இந்த விஷயத்துக்குள் வருகிற எவருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மண்டித் தெருவின் பழைய மண்டிகளில் நாள்வழி, பேரேடு என்று இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கும். யாருக்கு எவ்வளவு வரவு, யார் பெயரில் எவ்வளவு பற்று என்பது பேரேட்டில் ஏறிவிட்டால் அதுவே கணக்கு. அப்படியொரு பேரேட்டை ஒரு முதலாளியின் மேசையில் வைக்காமல், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரியான நகல்களாக வைத்து, ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிளாக்செயின் என்பது அதுதான். பிட்காயின் என்ற கிரிப்டோ (மின்னணு) நாணயத்தின் பேரேடு 2009 ஜனவரி 3ஆம் தேதி தன் முதல் பக்கத்தோடு தொடங்கியது. அதில் ஆட்களின் பெயர்கள் இருக்காது. முகவரி எனப்படும் நீண்ட எழுத்து வரிசைகளும், அந்தந்த முகவரிக்கு உரிய தொகையும் மட்டுமே இருக்கும். நாணயம் அந்தப் பேரேட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. அதை நீங்கள் உங்கள் கணினிக்கும் கொண்டுவருவதில்லை, பென் டிரைவ் போன்ற கருவிக்கும் கொண்டுவருவதில்லை.

அப்படியானால் நம்மிடம் இருப்பது என்ன என்று கேட்டால், பேரேட்டில் ஒரு வரியை மாற்றி எழுதச் சொல்லும் உரிமை மட்டுமே. அந்த உரிமையைக் கணிதத்தால் மெய்ப்பிக்கும் ரகசிய எண்ணைத் தனிச் சாவி என்பார்கள். பத்து எண்முறையில் எழுதினால் 78 இலக்கம் வரை நீளக்கூடிய எண் அது. அந்த எண்ணிலிருந்து முகவரியைக் கணக்கிடுவது நொடிப்பொழுது வேலை. முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம். "இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு இவ்வளவு மாற்றவும்" என்ற உத்தரவைத் தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பினால் எல்லாக் கணினிகளும் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். யார் கையொப்பமிட்டார், மனதார இட்டாரா, ஏமாந்து இட்டாரா என்று விசாரிக்க அங்கே மேலாளர் கிடையாது. சாவி தொலைந்தால் மனு கொடுக்கவும் ஓர் அலுவலகம் கிடையாது. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் 2013இல் குப்பையோடு போய்விட்ட ஒரு ஹார்டு டிஸ்கில் ஏறத்தாழ 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. பிட்காயின் பேரேட்டில் அப்படியேதான் இருக்கிறது. அதை அசைக்கத்தான் ஆளில்லை.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சற்று எளிது. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று ஊரைப் பற்றிச் சொல்லும் பேச்சை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமலே இருந்தது. 1981இல்தான் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் பிரதிஷ்டை செய்தார்கள். அதற்கு முன்பு அகழியையும் மதிலையும் பார்த்தவர், உள்ளே சாமி இருக்கிறது என்று எண்ணியிருந்தால் அவர் காவல் காத்திருக்க வேண்டிய இடம் வேறு. ஹார்டுவேர் வாலட்டைக் கையில் வைத்திருப்பவரின் நிலையும் அதுதான். அந்தக் கருவிக்குள் காசு இல்லை. காக்க வேண்டியது எது, அது எங்கே இருக்கிறது என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

நம் நாட்டில் பெரும்பாலோர் கிரிப்டோ நாணயத்தை எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பரிமாற்றத் தளங்களில் வாங்கி அங்கேயே விட்டுவைக்கிறார்கள். அப்போது தனிச் சாவி தளத்தினரிடம் இருக்கும். உங்களிடம் இருப்பது அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் தளம் 2014இல் மூடப்பட்டபோது சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணவில்லை என்று அறிவித்தது; பின்னர் சுமார் 2,00,000 மீட்கப்பட்டது. நம் நாட்டின் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து 2024 ஜூலை 18 அன்று ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அதன் தொடர்ச்சியாக எழுந்த ஒரு வழக்கில், கிரிப்டோ நாணயம் சட்டப்படி ஒரு சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. சொத்து என்று ஆகிவிட்டால், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி இன்னும் அழுத்தமாகிறது. இருந்தாலும், மொத்தம் ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கி வைத்திருப்பவர் அதைவிடக் கூடுதலான விலையில் ஒரு கருவி வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. தொலைந்தால் தூக்கம் கெடும் என்ற அளவுக்குத் தொகை வளர்ந்த பிறகு சாவியைத் தம் கைக்குக் கொண்டுவருவதே முறை.

கைக்குக் கொண்டுவந்த சாவியைக் கணினியில் வைக்கலாமா என்றால், கூடாது. என் கடைக்கு வரும் லேப்டாப்களைப் பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். கல்யாண ஆல்பம் செய்வதற்காகத் திருட்டு மென்பொருள் இறக்கியிருப்பார்கள். கூடவே இரண்டு வைரஸ் வந்து குடியிருக்கும். இணையத்தோடு இணைந்த, பலரும் தொடுகிற, எதையும் இறக்கிக்கொள்கிற ஓர் இயந்திரத்தில் அந்த ரகசிய எண் ஒரு கணம்கூட இருக்கக் கூடாது என்ற எண்ணத்திலிருந்துதான் ஹார்டுவேர் வாலட் பிறந்தது. செக் குடியரசின் பிராக் நகரத்து நிறுவனம் ஒன்று 2014இல் டிரெசார் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாரிஸில் இருக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் கருவிகளும் பரவலாகப் புழங்குகின்றன. லெட்ஜர் என்றால் பேரேடு. பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான்.

கருவியும் கணினியில் இருக்கும் டெஸ்க்டாப் மென்பொருளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை ஓர் அரசு அலுவலகத்தோடு ஒப்பிடலாம். வெளி அறையில் எழுத்தர் இருக்கிறார். அவர் கோப்பைத் தயாரிப்பார், கணக்கைக் கூட்டிச் சொல்வார், தபாலை அனுப்புவார். ஆனால் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் கிடையாது. உள் அறையில் கையெழுத்திடும் அதிகாரி இருக்கிறார். அவர் வெளியே வருவதில்லை. எழுத்தர் நீட்டும் தாளைப் படித்துப் பார்த்து, சரியென்றால் கையெழுத்திட்டுத் திருப்பித் தருவார். டெஸ்க்டாப் மென்பொருள் எழுத்தர், கருவி அதிகாரி. "இந்த முகவரிக்கு 0.01 பிட்காயின் அனுப்பு" என்று மென்பொருளில் நிரப்பும்போது அது ஒரு வரைவை மட்டுமே தயாரிக்கிறது. வரைவு யுஎஸ்பி கம்பி வழியே கருவிக்குள் போகிறது. கருவி தன் சிறு திரையில் முகவரியையும் தொகையையும் கட்டணத்தையும் காட்டுகிறது. நீங்கள் கருவியின் பொத்தானை அழுத்தினால் உள்ளேயே கையொப்பம் உருவாகி, கையொப்பம் மட்டும் வெளியே வருகிறது. தனிச் சாவி கம்பியைக் கடந்து கணினிக்கு ஒருபோதும் வருவதில்லை.

இதிலிருந்தே இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. மென்பொருளை அழித்துவிட்டாலோ லேப்டாப்பே எரிந்துபோனாலோ ஒன்றும் குறையாது; வேறொரு கணினியில் வேறொரு எழுத்தரை உட்கார வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, எழுத்தர் பொய் சொல்லக்கூடும். அந்த இரண்டாவது செய்தியை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் சாவி எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

புதுக் கருவியை முதன்முறை இயக்கும்போது, அது தனக்குள்ளேயே தற்செயலாக ஒரு மாபெரும் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த எண்ணை மனிதர் பிழையின்றி எழுதிவைப்பது கடினம் என்பதால், 2013இல் வகுக்கப்பட்ட பிஐபி-39 என்ற பொது விதிப்படி அதைச் சொற்களாக மாற்றித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. மொத்தம் 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட நிலையான பட்டியலிலிருந்து 12 சொற்களோ 24 சொற்களோ வரும். இவற்றை மீட்புச் சொற்கள் என்போம். உங்கள் எல்லா முகவரிகளும், எல்லாத் தனிச் சாவிகளும் இந்தச் சொற்களிலிருந்து, இந்த வரிசையிலேயே பிறக்கின்றன. கருவி உடைந்தால் புதுக் கருவி வாங்கி இந்தச் சொற்களை உள்ளிட்டால் எல்லாம் திரும்பிவிடும். விதி பொதுவானது என்பதால், கருவியைச் செய்த நிறுவனமே மூடப்பட்டாலும் அதே விதியைப் பின்பற்றும் வேறு நிறுவனத்தின் கருவியில் மீட்டுக்கொள்ளலாம். கருவியைத் தொடாமலே இந்தச் சொற்களைப் படித்துவிட்ட ஒருவர், உலகின் எந்த மூலையிலிருந்தும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆக, "இது தொலைஞ்சா இன்னா பண்றது" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: கருவி தொலைந்தால் கருவியின் விலைதான் நஷ்டம். சொற்கள் தொலைந்தாலோ பிறர் கண்ணில் பட்டாலோதான் சொத்து நஷ்டம்.

அன்று மாலை அவன் தன் கருவியை இயக்கியபோது, சொற்கள் வரும் கட்டம் வந்ததும் நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். "நீங்க எதுக்கு மாமா எழுந்து போறீங்க?" என்றான். மாமன் என்பதற்காக விதிவிலக்கு வைத்தால், நாளைக்கு உதவிக்கு வருகிறவர் எல்லோருக்கும் வைக்க வேண்டியிருக்கும். கைபேசியை இன்னொரு அறையில் வைக்கச் சொன்னேன். படம் எடுக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கைபேசி மேசையில் இருந்தால் கை தானாகப் போகும். எடுத்த படம் அடுத்த நிமிடமே கிளவுடில் ஏறிவிடும். அதை அழித்தால் நீக்கியவை என்ற கூடையில் இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, மின்னஞ்சல் வரைவில் வைப்பது, எக்செல் கோப்பில் எழுதிப் பூட்டுவது எல்லாம் அந்த வகைதான்.

கையால் எழுதும்போது தமிழர்களுக்கென்றே ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. அதை நான் வேறு எங்கும் யாரும் எச்சரித்துப் பார்த்ததில்லை. பட்டியலில் தமிழ்ச் சொற்கள் கிடையாது. எனவே ஆங்கிலச் சொல்லை ஒலிப்புப்படி தமிழில் எழுதிவைத்தால் பிறருக்குப் புரியாது, நமக்கு மட்டும் புரியும் என்று சிலருக்குத் தோன்றும். அட்டையைக் குறிக்கும் கார்டு என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் உண்டு, வண்டியைக் குறிக்கும் கார்ட் என்ற சொல்லும் உண்டு. தமிழில் எழுதிவிட்டு ஐந்தாண்டு கழித்துப் படித்தால் இரண்டில் எது என்று நமக்கே தெரியாது. ஆங்கில எழுத்திலேயே, பெரிய எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டு எழுத வேண்டும். பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காதபடி அமைத்திருக்கிறார்கள் என்பதால், முதல் நான்கு எழுத்தை மட்டும் தெளிவாகப் பதித்தாலே போதும்.

எதில் எழுதுவது என்பதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சிறு தொகைக்காக ஒரு வாலட் வைத்திருந்தேன். அதன் 12 சொற்களை ஜெல் பேனாவால் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழையில் எங்கள் வீட்டுச் சுவர் ஊறி, பீரோவின் பின்பக்கம் ஈரம் ஏறி, நோட்டைத் திறந்தபோது ஐந்தாறு சொற்கள் நீல மேகமாகக் கலைந்திருந்தன. நல்லவேளையாகக் கருவி வேலை செய்துகொண்டிருந்தது. வேறொரு கருவியில் புதிதாக ஒரு வாலட்டை உருவாக்கி, புதுச் சொற்களை எழுதிக்கொண்டு, இருந்த நாணயத்தைப் புது முகவரிக்கு மாற்றிவிட்டேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால், கருவி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது அதுதான். ஒருமுறை காட்டிய சொற்களைப் பல கருவிகள் மறுபடி காட்டுவதில்லை.

அதன் பிறகு நான் காகிதத்தை நம்புவதில்லை. எவர்சில்வர் தகட்டில் பதித்து வைப்பதே நல்லது. லாங்கு பஜார்ப் பக்கம் பாத்திரக் கடைகளில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டித் தருகிறார்களே, அவர்களிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் அழகாக வெட்டிக் கொடுப்பார்கள் என்று என் அக்கா மகனுக்குத் தோன்றியது. எழுத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டுகிறவர் 24 சொல்லையும் படித்துக்கொண்டே அல்லவா வெட்டுவார்? தகடு மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, இரும்புக் கடையில் கிடைக்கும் எழுத்துப் பஞ்சு (எழுத்து பதிக்கும் இரும்பு அச்சு) ஒரு செட் வாங்கி, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சுத்தியலால் தாமே அடிப்பதுதான் வழி. ஒரு சொல்லுக்கு நான்கு எழுத்து என்றால் 24 சொல்லுக்கு அதிகம் போனால் 96 அடி. அக்கம்பக்கத்தில் என்ன சத்தம் என்று கேட்பார்கள். பூட்டுக்கு அடையாளம் போடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி எழுத்தரிடம் வருவோம். டிரெசாருக்கு டிரெசார் சூட், லெட்ஜருக்குப் பல ஆண்டுகள் லெட்ஜர் லைவ் என்ற பெயரில் இருந்த மென்பொருள் என்று நிறுவனங்களே சொந்தமாகத் தருகின்றன. பிட்காயினுக்கு மட்டும் என்றால் எலெக்ட்ரம், ஸ்பேரோ போன்ற, நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள்களும் இந்தக் கருவிகளோடு பேசும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஆபத்து தொடங்குவது இறக்கிக்கொள்ளும் இடத்தில்தான். தேடுபொறியில் பெயரைத் தட்டினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அந்த விளம்பரம் போலித் தளத்துக்குப் போகலாம். 2023இல் லெட்ஜர் லைவ் போலவே நடிக்கும் ஒரு போலிச் செயலி மைக்ரோசாஃப்டின் சொந்தக் கடைக்குள்ளேயே புகுந்து பலருடைய பணத்தை எடுத்துக்கொண்டது. 2018 இறுதியில் எலெக்ட்ரம் பயனர்களுக்கு, மென்பொருளுக்குள்ளேயே "புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. அது மோசக்காரர்கள் நடத்திய சர்வர்களிலிருந்து வந்த போலி அறிவிப்பு. ஆகவே கருவிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தள முகவரியைக் கையால் தட்டிச் சென்று, அங்கிருந்து இறக்குவதே சரி. இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணைத் தளத்தில் வெளியிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. 64 எழுத்துள்ள கைரேகை போன்றது அது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும்.

இவ்வளவு செய்த பிறகும் கணினியை நம்ப வேண்டியதில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கடைக்கு அழைத்துப் போய், வைரஸ் நீக்குவதற்காக ஒருவர் விட்டுச் சென்றிருந்த லேப்டாப்பில் ஒன்றைக் காட்டினேன். இணையத்தைத் துண்டித்துவிட்டு, என் பழைய பிட்காயின் முகவரி ஒன்றை அதில் தட்டச்சு செய்து, அதை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டச் சொன்னேன். பிசி1க்யூ என்று தொடங்கும் 42 எழுத்து வரிசை அது. ஒட்டியதும் பிசி1க்யூ என்றுதான் தொடங்கியது. அவனும் சரியாகத்தான் இருக்கிறது என்றான். நடுவில் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரிசையில் ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லை. நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டில் முகவரி போன்ற எதையாவது கண்டால் உடனே திருடனின் முகவரியை அங்கே வைத்துவிடும் வைரஸ் அந்த லேப்டாப்பில் இருந்தது. அதன் சொந்தக்காரர் கிரிப்டோ வாங்கியதே இல்லை. அவருக்கு அது தெரியப்போவதும் இல்லை.

இந்த லேப்டாப்பில் உங்கள் வாலட் மென்பொருள் இருந்திருந்தால் பெரிய திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். கருவியின் சிறு திரை மட்டும்தான் உண்மையில் எந்த முகவரிக்குக் கையொப்பமாகப் போகிறது என்பதைக் காட்டும். எனவே அனுப்பும்போது, பெறுபவர் வேறு வழியில் உங்களுக்குச் சொன்ன முகவரியோடு, எடுத்துக்காட்டாகத் தொலைபேசியில் படித்துக் காட்டியதோடு, கருவித் திரையில் தெரிவதை எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். கணினித் திரையோடு கருவித் திரையை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லக்கூடும். பெறும்போதும் இப்படித்தான். மென்பொருள் காட்டும் உங்கள் முகவரியைக் கருவியிலும் காட்டச் சொல்லும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, இரண்டும் ஒன்று என்று கண்ட பிறகே எக்ஸ்சேஞ்சில் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். முதல் நான்கும் கடைசி நான்கும் பார்த்தால் போதும் என்ற பழக்கம் ஆபத்தானது. ஏனென்றால் முனைகள் ஒத்துப்போகும் முகவரிகளை உருவாக்கி, ஒரு சிறு தொகையை அனுப்பி உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைத்து, அடுத்த முறை நீங்கள் அதையே நகலெடுப்பீர்கள் என்று காத்திருக்கும் மோசடியும் நடக்கிறது.

சிறு திரையில் தெரிவது புரியாதபோது பொத்தானை அழுத்துவதைக் கண்மூடிக் கையெழுத்து என்பார்கள். பிட்காயினில் இது அரிது. எத்தேரியம் போன்ற வேறு பிளாக்செயின்களில், தானாக இயங்கும் ஒப்பந்த நிரல்களோடு பேசும்போது கருவி சில நேரம் பொருள் விளங்காத எழுத்துக் குவியலைத்தான் காட்டும். வாசிர்எக்ஸ் திருட்டில் கையொப்பமிட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட் இருந்தது. திரையில் காட்டப்பட்டதும் உண்மையில் கையொப்பமானதும் வேறு வேறு என்று அந்நிறுவனமே தெரிவித்தது. 2025 பிப்ரவரியில் பைபிட் தளத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் (எத்தேரியத்தின் நாணயம்) போனதும் இதே வகையில்தான். அதிகாரி படிக்காமல் கையெழுத்திட்டால் அவர் உள் அறையில் இருந்து பயனில்லை. புதியவர்கள் கண்மூடிக் கையெழுத்தை அனுமதிக்கும் அமைப்பை அணைத்தே வைத்திருக்கலாம்.

கருவியைத் திறக்கும் பின் (PIN) எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லெட்ஜர் கருவியில் மூன்று முறை தவறாக இட்டால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். டிரெசாரிலும் ஒரு வரம்பு உண்டு, அது இதைவிடக் கூடுதல். அழிந்தாலும் மீட்புச் சொற்கள் இருந்தால் எதுவும் போகாது. மீட்புச் சொற்களோடு கூடுதலாக நாமே வைத்துக்கொள்ளும் பாஸ்பிரேஸ் என்ற கடவுச்சொல்லும் உண்டு. அதில் ஓர் எழுத்துப் பிசகினாலும் தவறு என்று கருவி சொல்லாது. காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். முதல் ஓராண்டுக்கு அதைத் தொட வேண்டாம் என்றே அவனிடம் சொன்னேன்.

கருவியை நிறுவனத்தின் தளத்திலோ அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ வாங்குவதே முறை. பயன்படுத்திய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்கக் கூடாது. பெட்டிக்குள் ஏற்கெனவே 24 சொல் எழுதிய அட்டை இருந்தால் அது பரிசல்ல, தூண்டில். லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரம் 2020இல் கசிந்தது. சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியே வந்தன. பிறகு அவர்களில் சிலருக்குத் தபாலில் போலிக் கருவிகளே வந்தன. நிறுவனத்தின் முத்திரையோடு கடிதம் வந்தாலும், தொலைபேசியில் அழைத்தாலும், அழகான ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தாலும், மீட்புச் சொற்களைக் கேட்பவர் திருடர். கணினி விசைப்பலகையில் அவற்றைத் தட்டச் சொன்னாலும் அப்படியே. மிகப் பழைய கருவி ஒன்றில் மீட்பின்போது கணினியில் தட்டும் முறை இருந்தது. புதிதாக வாங்குகிறவர் கருவியின் திரையிலேயே உள்ளிடும் வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்த விதிக்கு விலக்கே இல்லாமல் போகும்.

வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பதும் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கியது. கருவிக்கு மாற்றிய பிறகு எக்ஸ்சேஞ்சின் கணக்கு அறிக்கையில் அந்த நாணயம் தெரியாது என்பதால், வாங்கிய தேதி, விலை, மாற்றிய பரிவர்த்தனை எண் ஆகியவற்றை நாமே குறித்துவைக்க வேண்டும். டெஸ்க்டாப் மென்பொருளில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் குறிப்பு எழுத இடம் இருக்கும். அங்கே எழுதி, கோப்பாக ஏற்றுமதி செய்துகொண்டால் ஆடிட்டர் மகிழ்வார்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பவர் திடீரென்று இல்லாமல் போனால், பேரேட்டில் இருக்கும் தொகை நியூபோர்ட் குப்பைமேட்டின் கதையாகிவிடும். மனைவிக்கோ பெற்றோருக்கோ சொற்களைச் சொல்ல வேண்டியதில்லை. இப்படியொன்று இருக்கிறது, தகடு இந்த இடத்தில் இருக்கிறது, யார் கேட்டாலும் தரக்கூடாது, விவரம் தெரிந்த இன்னார் பக்கத்தில் இருக்கும்போது திறக்கவும் என்று ஒரு பக்கம் எழுதி நகை, பத்திரங்களோடு வைத்தால் போதும். தகடும் கருவியும் ஒரே பீரோவில் இருக்க வேண்டாம். அவன் தகட்டைத் தன் அம்மாவின் பேங்க் லாக்கரில் வைப்பதாக முடிவு செய்தான். அக்காவுக்கு அதை எப்படி விளக்குவது என்பது அவன் கவலை.

கடைசியாக ஒத்திகை. முழுத் தொகையையும் மாற்றுவதற்கு முன் ஐந்நூறு ரூபாய் அளவுக்கு மட்டும் எக்ஸ்சேஞ்சிலிருந்து கருவியின் முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். பேரேட்டில் அது ஏறியதை மென்பொருளில் பார்த்த பிறகு, வேண்டுமென்றே பின் எண்ணை மூன்று முறை தவறாக இட்டுக் கருவியை அழிக்கச் சொன்னேன். அவன் முகம் மாறியது, ஆனால் செய்தான். கருவி வெறுமையாகித் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போனது. தகட்டை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வராந்தாவில் இருந்தேன். கால் மணி நேரம் கழித்து, "மாமா, சொல்லு தப்புன்னு காட்டுது!" என்று குரல் வந்தது. மீட்புச் சொற்களின் கடைசிச் சொல்லுக்குள் மற்ற எல்லாவற்றையும் சரிபார்க்கும் ஒரு சிறு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு சொல் மாறினால் அநேகமாக எப்போதும் கருவி மறுத்துவிடும். முதல் நாள் எழுதிய காகிதத்தை இன்னும் கிழித்திருக்கவில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்ததில், தகட்டில் ஒரு சொல்லின் நான்காவது எழுத்துக்கு வேறு பஞ்சை எடுத்து அடித்திருந்தான். அடித்ததும் பட்டியலில் உள்ள சொல்லாகவே அமைந்துவிட்டதால் கண்ணுக்குத் தப்பியிருந்தது. எந்தச் சொல் என்று நானும் கேட்கவில்லை. அந்தத் தவறான எழுத்தைச் சிதைத்துவிட்டுப் பக்கத்தில் சரியான எழுத்தைப் பதித்து, மறுபடி 24 சொல்லையும் உள்ளிட்டதும் அந்த ஐந்நூறு ரூபாய் அப்படியே வந்து நின்றது. காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, மீதித் தொகையை மாற்றுவதைப் பெங்களூரு போய்ச் செய்துகொள்வதாகச் சொல்லி, சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினான்.